துணைப் பயிற்சியாளரின் பந்துப் பை

இன்று சுவிஸின் பீல் நகர பஸ்ஸில், எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணிக்குப் புதிய துணைப் பயிற்சியாளர் யார் என்று மாநாடு கூட்டினோம். உலகப் போரை நிறுத்தக்கூட இவ்வளவு பேச்சு நடந்திராது.

"ஜெனீவாப் பெடியன் டிப்ளோமா வைச்சிருக்கிறான். அவனைக் கேப்பம்," என்று தீர்ப்பளித்தவன் நான்.

முன் இருக்கையில் சிவம் அண்ணை. இத்தனை வருடமும் எங்கள் பந்துப் பையைச் சுமந்து, ஜேர்சி தோய்த்து, தோற்ற நாளில் எங்களுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தவர்.

"நீங்கள் என்ன சொல்லுறியள், அண்ணை?"

"ஓம், படிச்ச பெடியன் நல்லம்தானே."

அடுத்த தரிப்பில் பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி, மழையில் நடந்தார். அவர் வீடு இன்னும் தூரம்.

பைக்குள் இமயமலையே இருப்பதுபோல் கனக்கிறது. சுமக்கத் தெரிந்த டிப்ளோமாக்காரர் இருந்தால் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். சிவம் அண்ணை என் அழைப்பை எடுக்கிறார் இல்லை.