தொங்கும் சக்கரத்தில் முடுக்கிய போல்ட்

உங்கள் மெக்கானிக் ஒரு கிழிந்த ரப்பரைக் காட்டி "இது போயிடுச்சு" என்றபோது, அது ஏன் போனது என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா?

அவள் கேட்பாள். கடைகடையாகப் போய் எடை இயந்திரங்களைச் சோதித்து முத்திரை குத்துவது அவள் உத்தியோகம். ஆய்வாளரைக் கண்டதும் வழியும் சிரிப்பையும் நீளும் குளிர்பானத்தையும் பத்து வருடமாகப் பார்த்தவள். சிரிப்பு கொஞ்சம் கூடினால் போதும், குனிந்து தட்டுக்கு அடியில் பார்ப்பாள். பந்தயத் தடத்தில் அவளுக்குப் பெயரே தராசு.

ஆம், பந்தயம். வார நாட்களில் அலுவலகம் போகும் அதே பழைய கார்தான், ஞாயிற்றுக்கிழமை டிராக் ரேஸில் நேர்கோட்டில் பாயும். காரில் பாதிப் பங்கு அக்காவுடையது. முதுகில் அறுவை சிகிச்சை ஆன அக்கா தினமும் பின்சீட்டில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறாள். அதனால் ஒரு நிபந்தனை விதித்திருந்தாள். "என் முதுகு வலிக்கிற அன்னிக்கு உன் ரேஸ் முடிஞ்சுதுடீ."

பந்தயத்தில் பச்சை விளக்கு எரிந்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததும், பின்சக்கரங்கள் தரையைக் கவ்வாமல் தடதடவென்று துள்ளின. அதற்கு வைத்தியம் தேடித்தான் கணவனையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். ரேஸ் வண்டிகள் எல்லாம் போகும் ஒர்க்‌ஷாப்பின் முதலாளிக்கு அதுதான் பட்டம். கெட்டியான ஸ்பிரிங், அச்சை வண்டியோடு பிணைத்திருக்கும் இரும்புக் கைகளின் முனையில், அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் வளையமான புஷ்ஷுக்குப் பதில் இரும்பு புஷ் என்று மளமளவென்று சீட்டு எழுதினார். சொன்னதையெல்லாம் அவள் கணவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். கணவனுக்கோ ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அவள் வேறு கணக்குப் போட்டாள். இரும்பு புஷ் தடத்துக்குச் சரி. ஆனால் சாலையின் ஒவ்வொரு குழியையும் அக்காவின் முதுகெலும்புக்கு அப்படியே அனுப்பிவைக்கும். ஆகவே ஸ்பிரிங் பழையதே இருக்கட்டும். திருகினால் இறுக்கம் கூடிக் குறையும் ஷாக் அப்சார்பர், வலுவான புதிய கைகள், முனையில் ரப்பர் புஷ்தான். டாக்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே மாட்டிக் கொடுத்தார்.

வண்டியின் பின்பக்கம் இரண்டு விரல் உயர்ந்து நின்றது. வேகத்தடையில் ஏறினால் பல் மோதியது. தடத்தில் ஓட்டிப் பார்த்தால் துள்ளலும் போகவில்லை. மூன்றாம் நாள் அக்கா இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கறேன். அப்புறம் ஷாக்கையும் நீயே வச்சுக்கோ, கோப்பையையும் நீயே வச்சுக்கோ."

திரும்பப் போய்க் கேட்டபோது, "ரப்பர் போட்டா இப்படித்தான் மேடம்" என்றார் டாக்டர், ஒரு மூலையைக் காட்டி. அங்கே ஒரு பீப்பாய் நிறையக் கழற்றிப் போட்ட புஷ்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தாள், இன்னொன்றையும் எடுத்தாள். எல்லாமே ஒரே பக்கமாக முறுக்கிக் கிழிந்திருந்தன. இத்தனை வண்டிகளுக்கும் ஒரே நோயா?

பழைய ஷாக்குக்குப் பெயின்ட் அடித்துத் தலையில் கட்டிவிட்டார் என்று முதலில் சந்தேகப்பட்டாள். சனிக்கிழமை காலை வாசலில் படுத்துக்கொண்டு நாணயத்தால் சுரண்டினாள். உள்ளே புத்தம்புது உலோகம். ஷாக்கில் பொறித்திருந்த எண்ணும் அது வந்த பெட்டியில் இருந்த எண்ணோடு பொருந்தியது. அந்தச் சந்தேகம் பொய்த்ததில் அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்து ரப்பரைக் கழற்றிப் பார்க்கத் துணிந்தாள். பின்சக்கரங்களைப் பலகை அடுக்குகளின் மேல் ஏற்றி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அடியில் நுழைந்து ஒரு போல்ட்டைத் தளர்த்தினாள். டப் என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் ஒரு விரல் இறங்கியது. மறுபக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தியதும் இன்னொரு விரல்.

அப்படியே கிடந்து யோசித்தாள். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிஃப்டில் தூக்கியிருந்தார்கள். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. போல்ட்டை அங்கேயே முடுக்கிவிட்டார் டாக்டர். ரப்பர் அந்தத் தொங்கும் நிலையிலேயே சிறைப்பட்டது. தரையில் இறக்கியதிலிருந்து இரவும் பகலும் அது முறுக்கிக்கொண்டு வண்டியை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. தட்டை எடுத்துவிட்டுப் பூஜ்யம் வைத்த தராசு! எதை வைத்தாலும் தப்பாகத்தானே காட்டும்?

பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே எல்லாப் போல்ட்டுகளையும் முடுக்கினாள். அக்காவை உட்காரவைத்து நாலு வேகத்தடை தாண்டினாள். இறங்கும்போது அக்கா கதவைப் பிடிக்கவில்லை. பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்கு ரேஸ்?" என்றாள்.

ஞாயிறு முதல் ஓட்டத்தில் ஒரே ஒரு துள்ளல். ஷாக்கை இரண்டு திருகு இறுக்கினாள். அடுத்த ஓட்டத்தில் அதுவும் இல்லை.

திங்கட்கிழமை டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார். "இருபது வருஷமா இப்படித்தான் முடுக்கறேன் மேடம்."

"அப்ப இருபது வருஷமா இந்தப் பீப்பாயை நீங்கதாண்ணே நிரப்பறீங்க."

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. ஏமாற்றுக்காரனுக்கு அபராதம் போடலாம். தன் தவறையே சரியென்று மனமார நம்பும் மனிதருக்குப் பட்டம் கொடுத்து, கேள்வி கேட்காமல் இரும்பு புஷ் வாங்கிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி வீடு போன அத்தனை பேருக்கும் இதில் பங்கு உண்டு. அவள் திரும்பும்போது அவர் ஒரு புஷ்ஷை எடுத்து அதன் கிழிசலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

நீங்களும் அடுத்தமுறை பாகம் மாற்றப் போகும்போது தயவுசெய்து அருகில் நில்லுங்கள். கடைசிப் போல்ட்டை முடுக்கும் முன், சக்கரம் தரையில் இருக்கிறதா, தொங்குகிறதா என்று கேளுங்கள். பதிலைக் கேட்டதோடு நிறுத்தாதீர்கள், குனிந்து பாருங்கள்.