கிரில் இல்லாத கதவு

அமெரிக்க வீடுகளின் வாசலில் கிரில் கிடையாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னை உறுத்தியது குளிரோ பனியோ அல்ல, இதுதான். ஒரே ஒரு மரக்கதவு. அதைத் திறந்தால் எதிரே நிற்பவரின் மூச்சு நம் மேல் படும். மலேசியாவில், எங்கள் ஜொகூரில் இருப்பவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம் தாமான் குடியிருப்பு வீடுகளில் மரக்கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். வீட்டைக் காப்பது அதற்கு முன்னால் இருக்கும் இரும்புக் கிரில்தான். யார் வந்து கூப்பிட்டாலும் உள்ளே நின்றபடி கம்பிகளுக்கு நடுவே பேசலாம். கேஸ் தோம்பு கொண்டு வருபவர், கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்பவர், வழி தெரியாமல் வந்தவர் என்று எல்லாருக்கும் முகம் காட்டிப் பேசிவிட்டு, மனசுக்குச் சரியென்று பட்டால் சாவியை எடுப்போம். யார் முகத்திலும் கதவைச் சாத்த வேண்டியதில்லை. மரியாதையும் கெடாது, பயமும் கிடையாது.

என் கணவர் கணேசனின் கைக்கு இங்கே நியூ ஜெர்சியில் இத்தனை வருஷம் ஆகியும் இந்த மாற்றம் புரியவில்லை. தட்டும் சத்தம் கேட்டால் போதும், எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்துவிட்டு அதற்கப்புறம்தான் "யாரு?" என்பார். முன்னால் கிரில் இருக்கிற நினைப்பு. விற்பனைக்கு வந்தவர்களெல்லாம் எங்கள் வரவேற்பறை வரை வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று புரிந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணேசன் இங்கே வந்தது சமையல்காரராக. ரொட்டி சானாய் வீசத் தெரிந்த ஆள் வேண்டுமென்று ஒரு மலேசிய உணவகம் விசா எடுத்துக் கொடுத்தது. நானும் அவரோடு வந்தேன். இங்கேதான் கவிதா பிறந்தாள். அவள் நடக்கப் பழகுவதற்குள் உணவகத்தை மூடிவிட்டார்கள். உணவகத்தோடு விசாவும் போயிற்று. அடுத்த மாதம் ஊருக்குப் போய்விடலாம், அடுத்த வருஷம் போய்விடலாம் என்று பேசிப் பேசியே குழந்தை பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள். நாங்கள் இந்த நாட்டில் இருக்கக் கூடாதவர்கள் ஆகிவிட்டோம். வேலை செய்தோம், வரி கட்டினோம், கோயிலுக்குப் போனோம். ஆனாலும் தெருமுனையில் சீருடையைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவோம்.

வீட்டில் பயமில்லாமல் நடமாடியது கவிதா மட்டும்தான். இந்த மண்ணில் பிறந்ததாலேயே அவள் இந்த நாட்டுக் குடிமகள். அம்மா யார், அப்பா யார், அவர்களிடம் என்ன அட்டை இருக்கிறது என்று இந்த நாடு அவளிடம் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பா ஞாபகம் வரும். அப்பா பிறந்தது ஜொகூரின் சாஆ ஊர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். அந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதித்ததே இல்லை. பிறப்பைப் பதிந்து வைக்க யாருக்கும் தோன்றாததால் கடைசிவரை அவர் கையில் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. அவர் பிள்ளைகளான எங்களுக்குக் குடிமக்களின் நீலம், அவருக்குச் சிவப்பு. தேர்தல் நாளில் நாங்கள் ஓட்டுப் போடக் கிளம்பினால் சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தின் வாசல் வரைக்கும் வந்து, வெளியே நின்று காத்திருப்பார். என்னால் இன்றுகூட அதைக் கோபமில்லாமல் சொல்ல முடியவில்லை.

கவிதாவுக்கு இருபத்தொரு வயது ஆனதும் அவள் பெற்றோருக்காக விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் இருந்தது. நாங்கள் முறையாக விசா வாங்கி வந்தவர்கள் என்பதால், விசா முடிந்தபின் தங்கியதையும் மீறி வழி உண்டு என்று வழக்கறிஞர் சொன்னார். பிறந்தநாள் கேக்கை வெட்டிய கையோடு கவிதா கையெழுத்துப் போட்டாள். ஆனால் நேர்காணலுக்கு அழைப்பு வரும்வரை எங்களை யாரும் பிடித்துவிடக் கூடாது, பிடிபட்டால் எல்லாம் சிக்கலாகிவிடும் என்றும் வழக்கறிஞர் எச்சரித்தார். அப்போது எங்கள் பேட்டையில் குடிவரவு அதிகாரிகள் வீடு வீடாகத் தட்டுகிறார்கள் என்று பேச்சு. எனக்கு வேறு எந்த பயமும் இல்லை, கணேசனின் கையை நினைத்துத்தான் பயம்.

பக்கத்துத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடந்தது. அதிகாரிகள் வந்தால் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்று சொல்லித் தருவார்கள். நடத்தியவர் லொரெட்டா. நகரப் பேருந்து ஓட்டும் கறுப்பினப் பெண்மணி, எங்கள் வயதுதான் இருக்கும், கூடம் அதிரப் பேசுவார். அவர் சொன்னது இதுதான்: நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவு இல்லாமல் யாரும் உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது, கதவைத் திறக்காதீர்கள், தாளைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லுங்கள். நாங்கள் விசா இல்லாதவர்கள் ஆயிற்றே, எங்களுக்கு ஏது உரிமை என்று கேட்டேன். அவர் சிரித்தார். இந்த நாட்டு அரசியல் சட்டத்தில் குடிமக்கள் என்று எழுதவில்லை, மக்கள் என்று எழுதியிருக்கிறது, எழுதியவர்கள் என் முன்னோர்களையும் மனதில் வைத்து எழுதவில்லை, நாங்கள் அடிபட்டு, நடையாய் நடந்துதான் அந்தச் சொல்லுக்குள் எங்களைச் சேர்த்துக்கொண்டோம், நீங்களும் வந்து சேருங்கள், இடம் இருக்கிறது என்றார். ஒரு பேருந்து ஓட்டுநர் "உள்ளே தள்ளிப் போங்கள்" என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

பிறகு ஒத்திகை. சாமான் அறைதான் வீடு. அதற்குள் கணேசனை நிற்க வைத்து, லொரெட்டா வெளியிலிருந்து கதவை இடித்தார்.

"போலீஸ்! ஓப்பன் தி டோர்!"

கதவு படீரென்று திறந்தது. "யெஸ், போஸ். கம், கம். சிட் டவுன்" என்றார் கணேசன்.

கூடமே சிரித்தது. மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடியும் திறந்தார், இந்த முறை கூடவே பையிலிருந்து தன் மலேசிய ஐசியையும் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஏன் திறக்கிறீர்கள் என்று லொரெட்டா பொறுமையாகக் கேட்டார். கணேசன் தன் ஓட்டை ஆங்கிலத்தில் எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கப் பார்த்து, கடைசியில் கைப்பேசியில் ஜொகூரில் உள்ள எங்கள் சிம்பாங் ரெங்கம் வீட்டின் பழைய படத்தை எடுத்துக் காட்டினார். வாசலுக்குக் கம்பி, ஜன்னலுக்குக் கம்பி, கார் நிற்கும் இடத்துக்கும் கம்பி. கம்பிக்கு உள்ளே பனியனோடு கணேசன். லொரெட்டாவின் முகம் மாறிவிட்டது. என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், இவரை எத்தனை காலம் அடைத்து வைத்திருந்தார்கள் என்று கேட்டார். சிம்பாங் ரெங்கம் என்றாலே அங்கிருக்கும் சிறைச்சாலையைச் சொல்லிக் கிண்டல் செய்யும் நம் ஊர்க்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அது எங்கள் வீடு, நாங்களே காசு கொடுத்துப் போட்ட கம்பி என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் கணேசனைப் பிடித்துக் கத்தினேன். "இங்க கிரில் இல்லங்க! தொறந்தா நேரா உள்ள வந்துருவாங்க. எத்தன வாட்டி சொல்றது?"

"தெரியும்லா, பிரேமா" என்றார். "எனக்குத் தெரியுது. கைக்குத்தான் தெரியல."

அதற்கு வழி கண்டுபிடித்தவள் கவிதாதான். மறுநாள் ஒரு கறுப்பு ஒட்டுநாடா வாங்கி வந்து, அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எங்கள் கதவின் உட்பக்கத்தில் கோடு கோடாக ஒட்டினாள். நேர்க்கம்பிகள், நடுவில் அந்தச் சாய்சதுரம், பூட்டு தொங்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். அப்படியே சிம்பாங் ரெங்கம் கிரில்.

"அப்பா, இதான் உங்க கிரில். சாவி எங்கிட்ட இருக்கு. நா சொல்லாம தொறக்கக் கூடாது, ஓகேவா?"

அவள் சிம்பாங் ரெங்கத்தைப் பார்த்ததே இல்லை.

ஒரு காலை நேரம். நான் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தேன். கதவை இடித்தார்கள். லொரெட்டாவின் இடி இல்லை, வேறு மாதிரி. கணேசன் எழுந்து போய்விட்டார். நான் கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தேன். அவர் கை தாழ்ப்பாளுக்குப் போனது. விரல் அந்த ஒட்டுநாடாவில் பட்டது. நின்றது.

"யார் அது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

குடிவரவு அதிகாரிகள், ஒருவரைப் பற்றி விசாரிக்க வேண்டும், கதவைத் திறங்கள் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்ன பெயர் எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்தவருடையது.

"ஜட்ஜ் சைன் பண்ண பேப்பர் இருந்தா கீழ தள்ளுங்க" என்பதை ஒத்திகையில் கற்ற அதே ஆங்கிலத்தில் சொன்னார். மறுபடி திறக்கச் சொன்னார்கள், குரல் ஏறியிருந்தது. "சோரி போஸ். கேனாட் ஓப்பன் லா" என்றார். அது வகுப்பில் சொல்லித் தந்த வசனம் இல்லை. ஆனாலும் வந்தவர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். காலடிச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. சம்பல் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. அவர் கதவடியிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "வந்தவங்கள ஒரு தண்ணிகூட குடிக்கச் சொல்லல நானு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அதன்பிறகு அழைப்பு வந்தது, நேர்காணல் நடந்தது, எங்கள் இருவருக்கும் நிரந்தரமாகத் தங்கும் அட்டை வந்தது. எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்பில் எங்களோடு உட்கார்ந்திருந்த சிலரை இப்போது காணோம். ஆனால் சனிக்கிழமைகளில் கீழ்த்தளத்தில் இன்னும் கூட்டம் இருக்கிறது. இப்போது சாமான் அறைக்கு வெளியே நின்று கதவை இடிப்பது கணேசன்தான். கவிதா ஒட்டுநாடாவைப் பிரித்துவிடவா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றுவிட்டார்.

அட்டை கிடைத்த பிறகு நான் மட்டும் முதலில் ஊருக்கு வந்தேன். இப்போது சிம்பாங் ரெங்கம் வீட்டில் இருப்பது என் தங்கை மாலதி. வந்த மறுநாள் முற்பகல், கேட்டில் சீருடையோடு இரண்டு பேர். என்னை அறியாமல் எழுந்து மரக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். மாலதிக்கு ஒன்றும் புரியவில்லை.

"அலமாக்! என்னக்கா இது? சுகாதார இலாகா ஆளுங்கக்கா. கொசு இருக்கான்னு பாக்க வந்துருக்காங்க. தொறக்கா!"

திறந்தாள். அவர்கள் பூந்தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், மாலதி கொடுத்த சிரப் தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். நான் அசடு வழிய நின்றேன். அப்போதுதான் எதிர் வீட்டைக் கவனித்தேன். பட்டப்பகலில் அங்கேயும் மரக்கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஆண்களின் செருப்புகள் நிறைய.

"அங்க பங்களாதேஷ் ஆளுங்க. ஃபேக்டரி கிலாங்ல வேல. யூனிஃபாம கண்டா கதவ சாத்திப்பாங்க" என்றாள் மாலதி.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தாமானுக்கு லாரி வந்து, பெர்மிட் இல்லாத இந்தோனேசியர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. எல்லா வீட்டிலும் மரக்கதவைத் திறந்து வைத்து, கிரில்லைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் அப்பா மட்டும் மரக்கதவைச் சாத்திவிட்டு, சிவப்பு ஐசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைத் தேடி வரவில்லை. இருந்தாலும் சாத்தியிருந்தார்.

தெருவைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனேன். ஒரு கிரில்லுக்கு வெளியே நின்று பேசுவது எனக்குப் புதிது. மலாயில் சொன்னேன்: சுகாதார ஆட்கள்தான், கொசுவுக்காக வந்தார்கள், போய்விட்டார்கள். மறுபடியும் சொன்னேன். மரக்கதவு மெல்லத் திறந்தது. கம்பிக்குப் பின்னால் ஒரு மீசைக்காரர், கையில் சோற்று மணி ஒட்டியிருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கிறார்.

"தெரிமா காசி, அக்கா" என்றார். மலாயில் நன்றி சொன்னவர், அக்கா என்ற சொல்லை நம் ஆட்களிடம்தான் கற்றிருக்க வேண்டும். பிறகு, "சுடா மாக்கான்?" என்று நான் சாப்பிட்டேனா என விசாரித்தார்.

சாப்பிட்டேன் என்றேன். அவர் என் பேச்சையும் காலணியையும் பார்த்துவிட்டு, தயங்கிக் கேட்டார், "அக்கா ஓராங் சினி?" நீங்கள் இந்த ஊரா?

என் பின்னால் மாலதி கிரில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ள வாக்கா, பூட்டணும்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பையில் கைப்பேசி அடித்தது. அங்கே நியூ ஜெர்சியில், கறுப்புக் கோடு ஒட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து கணேசன் கூப்பிடுகிறார். "இந்த ஊரும்தான்" என்று கம்பிக்குப் பின்னால் நின்றவருக்குப் பதில் சொல்லிவிட்டு, நடுத்தெருவுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.