வாந்தி வந்தால்தான் மாத்திரை

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஏழு வயது மகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை, சோதித்துப் பார்க்கிறேன் என்று தானே விழுங்கிய புத்திசாலி நான். கரும்பு முற்றியதா என்று கடித்துப் பார்த்தே பழகிய வாய். மாத்திரையை மட்டும் விடுமா?

அவளுக்கு அடிக்கடி தலைவலி. ஒற்றைத் தலைவலி என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். எனக்கு நம்பிக்கையில்லை. அது கவலை உள்ளவர்களுக்கு வருகிற நோய். இவளுக்கு இருந்த ஒரே கவலை கணக்குப் பாடம். வலியும் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம் பார்த்துத்தான் வரும்.

“வலி ஆரம்பிச்சதுமே அரை மாத்திரை குடுங்க. முத்திப்போச்சுன்னா வயிறு மருந்தை வாங்காது,” என்றிருந்தார் டாக்டர்.

நான் முழு மாத்திரை போட்டுப் பார்த்தேன். சாயங்காலம்வரை தூங்கினேன்.

“பாத்தியா, இது தூக்க மாத்திரை,” என்றேன் மனைவியிடம்.

“ரெண்டு நாளா ஆலையில கரும்பு வண்டியோட நின்னுகினு இருந்த ஆளு, வெறும் தண்ணி குடிச்சாலும் தூங்குவாரு.”

இவளும் மகளுக்குக் கூட்டோ என்று மனைவிமேலும் சந்தேகம் வந்தது. மாத்திரையை என் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டேன்: வாந்தி எடுத்தால்தான் வலி நிஜம், பிறகுதான் மாத்திரை. பிள்ளை வாந்தி எடுக்கும், நான் கொடுப்பேன், அடுத்த வாந்தியில் மாத்திரையும் வந்துவிடும். உடனே மருந்துக்கடைக்காரர்மேல் சந்தேகம்: போலி மாத்திரையைத் தள்ளிவிட்டாரோ?

அந்தச் சமயத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. சின்னசேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. இனி எப்படி வலிக்கும், பார்க்கலாம் என்று அவளையே காவல் காத்தேன்.

மூன்றாம் நாள் காலை. தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தவள், ஜெயிக்கிற நேரத்தில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன். நெல்லு மூட்டைக்குப் பின்னால், இருட்டில், சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள். ஏமாற்றுவதற்கு அங்கே பள்ளிக்கூடமும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

“இன்னாங்க, வாந்திக்குக் காத்துகினு கீறீங்களா?” என்றாள் மனைவி.

அப்போதே அரை மாத்திரையை உடைத்துக் கொடுத்தேன். வாந்தி வரவில்லை. கொஞ்சம் தூங்கி எழுந்து சோறு கேட்டாள்.

“நெசமா வலிக்குதுன்னு முன்னாடியே அப்பாகிட்ட சொல்லக் கூடாதா, பாப்பா?”

தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்:

“சொன்னேன்.”