விடைக்கு இரண்டு மார்க்

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடை போடுகிற வேலாமணி ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். பெண்பிள்ளைக்குக் கணக்கு ஏறாது என்று வாத்தியார் சொன்னதை வீட்டில் அப்படியே நம்பினார்கள். பன்னிரண்டு வருஷமாக அவர் சாக்கையும் ஈரத்தையும் மனதிலேயே கழித்து, தராசுமுள் நிற்பதற்குள் எடையைச் சொல்லிவிடுவார்.

தேயிலை விலை சரிந்ததும், எடைக்கு இரண்டு பேர் எதற்கு என்றது நிர்வாகம். இருவருக்கும் ஒரு பரீட்சை; தோற்பவர் சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்க வேண்டும். வேலாமணிக்கோ முழங்கால் மடங்காது. கேள்வி கொடுத்தவர் எஸ்டேட் பள்ளிக் கணக்கு வாத்தியார்.

“இருபத்தாறரை கிலோ. சாக்கு ஒன்றரை. மிச்சத்தில் ஈரத்துக்குப் பத்து சதவீதம் கழிக்கவும்.”

வேலாமணி ‘22½’ என்று மட்டும் எழுதினார். கூட வேலைபார்க்கும் பி.எஸ்சி. சுஜித் பக்கம் முழுக்க எழுதி, விடையைச் சுற்றிப் பெட்டியும் போட்டான். பெட்டிக்குள் 2.25.

“ஏனுங்க சார், என்னுதுதானுங்களே சரி?”

“விடைக்கு ரெண்டு மார்க்தாம்மா. ஸ்டெப்புக்கு எட்டு. ஸ்டெப்பே இல்லாம விடை எப்படி வந்துச்சு? யாரைப் பாத்து எழுதுனீங்க?”

“இந்தத் தம்பியப் பாத்துங்களா? அவரு பேப்பர்ல அந்த விடையே இல்லீங்களே!”

சுஜித் எட்டுக்கு எட்டு வாங்கி ஜெயித்தான். மறுநாளே முப்பது கிலோ பறித்தவளுக்கு மூன்று கிலோ என்று எழுதினான். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

நிர்வாகம் தீர யோசித்தது. எடை கிளார்க் சுஜித்தேதான். வேலாமணி கொழுந்து பறிப்பவர்களின் கூலிக்கே அவன் பக்கத்தில் நின்று விடை சொல்லலாம்.

முழங்காலுக்காக வேலாமணி ஒப்புக்கொண்டார்.

“இருபத்தொண்ணே முக்கால், எழுதுங்க தம்பி. ஸ்டெப்பெல்லாம் ஊட்டுக்குப் போய்ப் போட்டுக்கலாம், வரிசை நிக்குது.”