மூடியைப் பற்றி நான் சொல்லவில்லை

அந்தப் பேனையைப் பற்றிக் கேட்டால் வாய் ஓயாமல் கதைப்பேன். ஒன்பது வயதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அந்தக் கோதாரியும் தெரியாமலே இருந்திருக்கலாம்.

அப்பாவிடம் ஒரே மாடலில் மூன்று மைப்பேனைகள் இருந்தன. மூன்றிலும் நிப் உள்ளே ஒளிந்து, மூக்கு நுனி மட்டும் வெளியே தெரியும். பார்வைக்கு அண்ணன் தம்பிகள். வயிற்றைத் திறந்தால்தான் வித்தியாசம். மூத்ததுக்கு வால் பக்கம் சின்ன மூடி ஒன்று கழன்று வரும். உள்ளே இருக்கும் பம்ப் கட்டையைப் பத்துத் தரம் அமத்தினால் மை ஏறும். பேனைக் கம்பனிக்காரர் பிறகு அந்தக் கரைச்சலே வேண்டாம் என்று வாலை மூடிவிட்டு, உள்ளே சில்வர் குழாயும் அமத்துகிற தகடும் வைத்தார்கள். அது இரண்டாவது. மூத்ததின் மூடிக் கிளிப்பில் இருந்த சின்ன நீல வைரக் குறியும் அதோடு போய்விட்டது. மூன்றாவதில் கிளிப்பே குட்டையாகி, பேனை பார்க்க மலிவாகிவிட்டது.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஞாயிறு மத்தியானங்களில் அப்பா நித்திரை கொள்ளும்போது மூன்றையும் களவாகக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒருநாள் கட்டில் விரிப்பில் மை கொட்டி, அடி வாங்கினேன். அதன்பிறகு மூத்ததை அப்பா என் கண்ணிலேயே காட்டவில்லை.

கொழும்புக் கோட்டையில் கப்பல் கம்பனி ஒன்றில் அப்பாவுக்கு வேலை. நாங்கள் இருந்த வெள்ளவத்தையில் தமிழ் ஆட்கள் அடிக்கடி காணாமல் போன காலம் அது. ஒரு காலை மூத்த பேனையைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு ரயிலுக்குப் போனவர் திரும்பவில்லை. பொலிஸ், முகாம், கோயில் என்று அம்மா ஏறாத படி இல்லை. எல்லா இடத்திலும் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஐந்தாறு மாதம் கழித்து, கொட்டாஞ்சேனையில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் கதிரை நுனியில் இருந்து, கைலேஞ்சியைப் பிரித்து ஒரு பேனையை மேசையில் வைத்தார்.

"அக்கா, ஐயா உயிரோட இருக்கிறார். நம்பமாட்டீங்க எண்டுதான் இதக் குடுத்துவிட்டவர்."

அம்மா பேனையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எங்கே, யார், ஏன் என்று எதுவும் கேட்கவில்லை.

"சாப்பிடுறாரோ?"

"சாப்பிடுறார் அக்கா. காவலுக்கு நிக்கிறவங்களுக்கு ஏதாவது குடுத்தா, ஒரு தரம் கதைக்க விடுவாங்க."

அம்மா காப்பைக் கழற்றத் தொடங்கினார். அதற்காக அவர் மேசையில் வைத்த பேனையை முந்திரிக்கொட்டை மாதிரி நான் எடுத்தேன். வால் கழலவில்லை. நடுவில் திருகினேன். சில்வர் குழாய்.

"இது அப்பான்ர பேனை இல்லை! அப்பான்ரயில கட்டை இருக்கும். இது பிறகு வந்தது!"

மேசை லாச்சிக்குள் இருந்த இரண்டாவது பேனையை ஓடிப்போய் எடுத்துவந்து, பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரே வயிறு. மாமா அந்த ஆளின் சட்டையைப் பிடித்துவிட்டார். அந்த ஆளுக்கு வாய் குழறியது. "எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணே, தந்ததைக் கொண்டு வந்தனான்" என்று சொல்லிப் பேனையைப் பொறுக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். பிறகு அவரையும் காணவில்லை, எந்தச் சேதியும் வரவில்லை.

அவர் கொண்டுவந்த பேனையின் மூடியில், மூத்ததில் மட்டும் இருந்த அந்த நீல வைரம் இருந்தது. கண்டேன். சொல்லவில்லை. சொன்னால் என் கெட்டித்தனத்துக்குக் குறைச்சல் என்று நினைத்தேன்.

போன வருடம் மிச்சம் இரண்டு பேனைகளையும் திருத்தக் கொடுக்கப் புறக்கோட்டைக்குப் போனேன். திருத்துகிற முஸ்லிம் நானா இரண்டையும் கையில் உருட்டிப் பார்த்தார். இதற்கு முந்தின மாடலையும் திருத்துவீர்களா என்று சும்மாதான் கேட்டேன்.

"அதுட பம்ப் போனா இங்க சாமான் இல்ல தங்கச்சி. பழைய மூடிய இந்த உடம்புல போட்டுக் குடுத்திருவோம். அளவு ஒண்டுதானே. அப்ப எல்லாரும் அப்பிடித்தான் மாத்திக்கிட்டுப் போனாங்க."

அப்பாவும் மாற்றினாரா? தெரியாது. அந்த ஆள் கள்ளனா? அதுவும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவோடு இருந்து சோறு சாப்பிட்டேன், ஒரு சொல் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

அந்த ஆள் ஓடிய அன்று மாமா என்னைத் தூக்கி, "பிள்ளை கெட்டிக்காரி, காப்பெல்லாம் தப்பிச்சுது" என்றார். நானும் வீடு முழுக்கத் துள்ளித் திரிந்தேன். பின்னேரம் தலை முழுகிவிட்டு வந்த அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. அப்பா போன நாளிலிருந்து அம்மா பொட்டு வைக்காமல் இருந்ததே இல்லை. கவலையில் மறந்துபோனார் என்று நினைத்து, ஒட்டுப்பொட்டு மட்டையை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

அம்மா அதை வாங்கினார். பிறகு ஒன்றை உரித்து என் நெற்றியில் ஒட்டிவிட்டு, மட்டையை என் கையிலேயே தந்தார். பேனையைக் கண்டுபிடித்ததற்குப் பரிசு என்று எடுத்துக்கொண்டேன்.