அ அ அ கொடுத்த புகார்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நகர எல்லைக்குள் வீட்டில் கோழி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று. யார் பெயரையும் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. ஒரகடம் சாலையை ஒட்டிய இந்த நாற்பது வீடுகளில் கோழி இருப்பது என் வீட்டில் மட்டும்தான். மூன்று பெட்டைகள். நான்கு வயது மகளுக்கு வீட்டு முட்டை கொடுக்கலாமே என்று வாங்கியவை.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டால் மூன்று முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பேன். இந்தச் செய்தியையும் மூன்று முறை படித்தேன். ஆனால் அந்தப் பயத்தோடேயே பதில் எழுதிவிட்டேன்: "எந்தச் சட்டம்? எந்தப் பிரிவு? காட்டுங்கள்." எழுதியது மரியாதையாக இருக்கிறதா என்று யோசித்து இரண்டு முறை அழிக்கப் போனேன். அழிக்கவில்லை. இதுவரை யாரும் காட்டவும் இல்லை.

அந்தக் கேள்வி உண்மையில் என்னுடையதல்ல, அம்மாவுடையது. அம்மா அதைக் கேட்ட நாளில் நான் எதிர்க்கட்சியில் இருந்தேன்.

அப்போது எனக்கு ஏழாம் வகுப்பு. மண்ணூருக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. சுற்றிலும் மனைக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரா நகரமா என்று அங்கே இருந்தவர்களுக்கே குழப்பம். அப்பா கம்பெனியில் ஷிப்டுக்குப் போனார். மாடி அறையில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த நான்கு பேர் வாடகைக்கு இருந்தார்கள். பின்பக்கம் அம்மாவின் கோழிகள்: எட்டுப் பெட்டை, ஒரு சேவல்.

தமிழ் வகுப்பில் கடிதம் எழுதச் சொன்னார்கள். தெருவில் உள்ள சுகாதாரக் குறையைப் போக்கும்படி சுகாதார அலுவலருக்கு விண்ணப்பம். எல்லோரும் சாக்கடையையும் கொசுவையும் எழுதினார்கள், நோட்ஸில் அதுதான் இருந்தது. எனக்கு நோட்ஸில் இல்லாததை எழுதி நல்ல பெயர் வாங்க வேண்டும். முந்தைய நாள்தான் என் ஷூவில் ஒட்டியிருந்த கோழி எச்சத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தாள். எனவே கோழிகளை எழுதினேன். 'ஒரு வீட்டில் வளர்க்கப்படும் கோழிகளால் பொதுமக்கள் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாகி வருகின்றனர்.' தேர்வில் சொந்தப் பெயரை எழுதக் கூடாது என்பதற்காக, அனுப்புநர் பெயர் கேட்கும் இடத்தில் அ அ அ என்று போடப் பழக்கியிருந்தார்கள். அப்படியே போட்டேன். ஆனால் கோழி இருக்கும் வீட்டின் கதவு எண்ணை மட்டும் சரியாக எழுதினேன். தகவல் தப்பாக இருக்கக் கூடாதல்லவா?

டீச்சர் 'நன்று' போட்டார். கூடவே, "எழுதி நோட்டுலயே வச்சிருந்தா அது கட்டுரை. சேர வேண்டிய எடத்துல சேர்த்தாதான் கடிதம்" என்றார். வகுப்புக்குப் பொதுவாகச் சொன்னதுதான். சொன்னதைச் செய்கிற பிள்ளை நான் ஒருத்திதான். கோடு போட்ட தாளில் அழகாகப் பிரதி எடுத்து, இன்னொரு தாளை மடித்து உறை செய்து, கோந்து இல்லாததால் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டி, பள்ளிக்குப் போகும் வழியில் ஊராட்சி அலுவலக வாசலில் தொங்கிய புகார்ப் பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டியை யாரும் திறந்து நான் பார்த்ததே இல்லை.

திறந்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை கையில் கோப்புடன் சுகாதார ஆய்வாளர் வந்து நின்றார்.

"கோழி வளக்கறீங்கன்னு கம்ப்ளைண்ட் வந்திருக்குமா. ஒரு வாரத்துல எல்லாத்தையும் காலி பண்ணணும்."

கோழிக்குத் தவிடு பிசைந்த கையை அம்மா கழுவவில்லை. "யாரு சார் குடுத்தது?"

அவர் கோப்பைப் புரட்டினார். "அ. அ. அ."

"இன்னா சார் பேரு இது?"

"இனிஷியல்மா. முழுப் பேர வெளிய சொல்லக் கூடாது. ரகசியம்."

நான் கதவுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். அம்மா கூப்பிட்டாள். "இங்க வா. இந்த நோட்டீஸ சாருக்கு முன்னால படி. ஏழாவது படிக்கிறா சார்."

அச்சடித்த படிவம். இடையிடையே பேனாவால் நிரப்பியிருந்தது. எதையும் விடாமல் படிக்க வேண்டும் என்பது என் பழக்கம். "தங்கள் இல்லத்தில் கோழிகள் வளர்ப்பது, சட்டப்பிரிவு... புள்ளி புள்ளி புள்ளி புள்ளி... இன்படி..."

"நிறுத்து. அது இன்னாடி புள்ளி?"

"அங்க ஒண்ணும் எழுதலம்மா. புள்ளிதான் இருக்குது."

அம்மா திரும்பினாள். "எந்தச் சட்டம்னு எழுதற எடத்துல வெறும் புள்ளிய வச்சிகினு வந்து, எல்லாக் கோழியும் எடுன்னா எப்டி சார்? எங்க எழுதி கீதுன்னு காட்டுங்க. நானே புடிச்சிக் குடுக்கறேன்."

"சட்டம்லாம் ஆபீஸ்ல இருக்கு."

"எடுத்துகினு வாங்க. கோழி எங்கியும் ஓடிப் போவாது."

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. ஆபீசரிடம் இப்படிப் பேசலாமா? அம்மா ஐந்தாவதோடு நின்றவள். சட்டம் என்றால் என்னவென்று தெரியாமல் பேசுகிறாள் என்றே நினைத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, அந்தச் சேவலையாவது அனுப்பிடுங்க. விடியறதுக்கு முன்னால கத்துது."

"சேவலு வல்லக்கோட்ட முருகனுக்கு நேந்து வுட்டது. அத்த எடுக்கணும்னா கோயில்ல போயி நோட்டீஸ் குடுங்க."

மாடிப்படியில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற வாடகைக்காரர் நுரையோடு பேசினார். "சார், சேவல மட்டும் புடிச்சிராதிய. அதக் கேட்டுத்தான் நாங்க நாலு பேரும் எந்திக்கோம். அது இல்லன்னா ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸு போயிரும்."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். "பாரும்மா, எட்டு பத்து கோழி வச்சிக்கறத நான் தடுக்கல. பண்ணையா வச்சி வித்தாதான் லைசென்ஸ் கேப்போம். ஆனா நாத்தம் வரக் கூடாது, எச்சம் கால்வாயில போகக் கூடாது, அடுத்த வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. புகார் வந்தா நான் வந்துதானே ஆகணும்?"

சான்றுக்காகப் புகாரை உறையோடு நீட்டினார். அம்மா வாங்கினாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள் என்று எதிர்பார்த்தேன். படிக்கவில்லை. உறையைத் திருப்பி, ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நகத்தால் மெதுவாகச் சுரண்டினாள். பிறகு கடிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"எழுத்து முத்து முத்தா கீது சார். யாரோ படிச்ச புள்ள" என்று திருப்பிக் கொடுத்தாள். "இப்ப வாயால சொன்னீங்களே, அத்த எழுதிக் குடுங்க."

அவர் தயங்கினார். அம்மா நகரவில்லை. கடைசியில் நோட்டீஸின் பின்பக்கத்தில் அவர் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டார்: கோழிகளை வைத்துக்கொள்ளலாம், கூண்டைத் தினமும் கழுவிச் சுத்தமாக வைக்க வேண்டும், தெருவில் விடக் கூடாது.

அவர் போன பிறகு அம்மா அதை என்னை இரண்டு முறை படிக்க வைத்தாள்.

"கூண்ட யாரு கழுவணும்னு போட்டுக்குதா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாரு. எங்கியும் இல்ல?"

"எங்கியும் இல்ல."

"அப்ப அத்த நான் சொல்லலாம்" என்று துடைப்பத்தை என் கையில் கொடுத்தாள். "சட்டம் படிக்கத் தெரிஞ்சவ நீதான். தெனம் நீயே கழுவு."

எனக்கு எவ்வளவு பெருமை! மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதி வேறு. படித்தவள் என்பதால்தான் அம்மா இந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறாள் என்று உறுதியாக நம்பினேன். அன்றிலிருந்து கல்யாணமாகும்வரை அந்தக் கூண்டைக் கழுவினேன். மழை நாளிலும் கழுவினேன், காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் முன்னும் கழுவினேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்று மட்டும், இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. "வுட்டா அந்த அ அ அ மறுபடியும் எழுதிப் போட்டுடப் போறாரு. போய்க் கழுவு."

பாவம் அம்மா, அப்படி ஓர் ஆள் இருப்பதாக இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாளே என்று இரக்கப்பட்டுக்கொண்டே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன்.