எங்கள் வீட்டுக் கேஸ்

வாய்தா நாள் காலைகளில், கஞ்சி போட்ட வேட்டியின் மேல் கரி இஸ்திரிப்பெட்டி ஓடும் சூட்டு வாசனை எங்கள் வீடு முழுக்க நிறையும். அய்யா அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு "கேஸுக்குப் போறேன்" என்று இராமநாதபுரம் பஸ் ஏறுவார். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வழக்கு அது. திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். தப்பித்தவறி நல்ல தண்ணீர் ஊறிய ஒரு கிணறு, எங்கள் வீட்டுக்கும் அய்யாவின் அண்ணனான பெரியய்யா வீட்டுக்கும் நடுவில் இருந்தது. ஆளுக்குப் பாதியாக இறைத்துக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். போனார்களா? கோர்ட்டுக்கல்லவா போனார்கள்!

இந்த ஓர் இங்கிலீஷ் சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கோர்ட்டில் நடப்பது கேஸ். போலீஸ் எழுதுவதும் கேஸ். ஊருக்கு வந்துபோகும் நர்சம்மாவுக்குப் பிள்ளைத்தாச்சிகள் எல்லோரும் "டெலிவரி கேஸ்". கணக்கு வாத்தியாருக்கு நான் "தேறாத கேஸு". பெரியய்யா பேச்சை எடுத்தாலே அய்யா "அவன் ஒரு கேஸு" என்று காறித் துப்புவார். ஒன்றுக்குக் கேஸ் என்று பேர் வைத்துவிட்டால் அதை வீட்டு மனுஷர்கள் தீர்த்துக்கொள்ள முடியாது, வெளியிலிருந்து யாரோ வந்துதான் தீர்க்க வேண்டும் என்றுதான் அந்த வயதில் எனக்குத் தோன்றியது.

வக்கீல் ஏதோ சொல்லியிருந்தாராம், எதிர்க்கட்சிக்காரன் கையால் எதையும் வாங்கினால் சமாதானமாகி ராஜியாகிவிட்டதாகக் கேஸ் கெட்டுப்போகும் என்று. "ஒரு சொட்டு உறைமோர் வாங்கினாக்கூடக் கெணறு போச்சு" என்பார் அய்யா. பெரியம்மா கொடுத்தனுப்பிய பொங்கலை அம்மா அழுதுகொண்டே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், ஒரு மத்தியானம் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. வந்து பார்த்த நர்சம்மா பதறிப்போய், "புள்ள குறுக்க கெடக்கு. இது பெரியாஸ்பத்திரி கேஸு, உடனே கொண்டு போங்க" என்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் எழுப்பியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம், சேதுக்கரைக்கு வரும் யாத்திரைக்காரர்களை ஏற்றிப்போகும் பெரியய்யாவின் அம்பாசிடர் கார் நின்றுகொண்டிருந்தது. ஊரில் இருந்த ஒரே கார். அம்மா அந்தப் பக்கமே பார்த்தாள். அய்யா மாட்டு வண்டியைப் பூட்டினார்.

வெயிலில் எங்கள் வண்டி ஊர்ந்தது. திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே பெரியய்யாவின் காரும் ஊர்ந்து வந்தது! அவராக முந்தி வந்து ஏற்றிக்கொண்டால் அவர் இறங்கி வந்ததாகிவிடுமாம். தம்பி வந்து கேட்க வேண்டுமாம். தம்பியோ கேட்கமாட்டார். "அய்யா, கார் வருதுய்யா, நிறுத்துய்யா!" என்று நான் அலறினேன். "திரும்பாத தாயி" என்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். போகப்போக அந்தப் பிடி தளர்ந்தது. அட பாவிகளா, இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் உயிர் போய்க்கொண்டிருந்ததே!

கடைசியில் பெரியம்மாதான் காரிலிருந்து குதித்து ஓடிவந்து, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டியை நிறுத்தினாள். "தம்பி, ஒங்க கேஸ்ல இடி விழ! இவள எறக்குங்க!" என்று கத்தினாள். அம்மாவைத் தூக்கிக் காரில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி கேஸை இவ்வளவு நேரம் கழிச்சா கொண்டு வருவீங்க?" என்று கேட்டார். அம்மாவும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு அய்யா என்னையும் கூட்டிப்போனார். வீட்டில் விட்டுப்போக ஆள் யார் இருக்கிறார்கள்? நடந்ததைக் கேட்ட வக்கீல் திகைத்துப்போனார். "ராஜிப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடாதேன்னு சொன்னேன். பிள்ளைத்தாச்சியக் கார்ல ஏத்தாதேன்னு எப்பய்யா சொன்னேன்?" என்றார். அய்யா கோர்ட் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டவாலிச் சேவகன் பேர் சொல்லிக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. வழக்கு தள்ளுபடியானது.

இப்போது அந்த நடுச்சுவர் இல்லை, பெரியய்யாவும் பெரியம்மாவும் இல்லை. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதால் கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. போன் செய்தால் ஆம்புலன்ஸ் வாசலுக்கே வருகிறது. போன மாதம் அய்யாவுக்கு நெஞ்சுவலி என்று நான்தான் போன் செய்தேன். வண்டி வந்து நின்றதும் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு, "நான் பஸ்ஸுலயே வாரேன் தாயி. ஒங்கம்மாவுக்குக் கிடைக்காத வண்டி எனக்கு எதுக்கு?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "ஒரு தடவை ஒங்க பேச்சக் கேட்டது போதும்" என்று கத்திவிட்டு, தூணிலிருந்து அவர் கையைப் பிய்த்தெடுத்து, நானே தூக்கி வண்டியில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பிடித்த கையை மட்டும் விடவில்லை.